“எல்லாரும் வரலாம்” எண்டு மட்டும் போடாதேங்கோ பிள்ளையள்

(வன்னியில ஞாயிறு விடிய கூட்டமாச் சைக்கிள் ஓடுற இளம் ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்)

கிளிநொச்சி, பரந்தன், மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியா எண்டு எல்லாப் பக்கமும் ஹெல்மெற்றும் போட்டுக்கொண்டு விடியக்காத்தால ஓடித் திரியிற பிள்ளையளுக்கு வணக்கம்.

உங்கட சைக்கிள் ஓட்ட அறிவித்தலுகளில ‘எல்லாரும் வரலாம்’ எண்டு போடுறியள், அதைப் பற்றித்தான் இந்த மடல். முதல்ல நான் ஆரெண்டு சொல்லிப்போட்டு விசயத்துக்கு வாறன். எனக்கு 64 வயசு. 33 வருசம் குடும்பநல உத்தியோகத்தரா வேலை செய்தனான், சனம் கூப்பிடுற பேர் மிட்வைஃப் அம்மா. அந்த 33 வருசமும் சைக்கிள்தான். அக்கராயன், ஸ்கந்தபுரம், கோணாவில் பக்கத்துக் கிரவல் றோட்டுகள், மாரியெண்டா இறங்கிச் சேத்துக்குள்ள உருட்டவேணும், கோடையெண்டா ஒரு டிப்பர் தாண்டிப் போனாலே கண்மூக்குத் தெரியாது, முன்கூடையில கிளினிக் கார்டுகள், கரியல்ல தராசு. போற வீட்டு முத்தத்தில மாமரக் கொப்பு ஒண்டில தராசைக் கொழுவிப் பிள்ளையைத் தூக்கிப் போட்டு நிறை பாக்கிறது. உங்களில சில பேர் அந்தத் தராசில தொங்கிக்கொண்டு ஊரைக் கூட்டின ஆக்கள்தான், முகம் பாத்து மட்டுக்கட்ட ஏலாது, ஆனா தாயின்ர பேரைச் சொன்னியள் எண்டா என்ன நிறையில பிறந்தனியள் எண்டும் சொல்லிப்போடுவன். இதை ஏன் இழுக்கிறன் எண்டா, போன வருசம் ஒரு தம்பி என்னட்ட வந்து ‘அன்ரி உங்களுக்கு நல்லாச் சைக்கிள் ஓடத் தெரியுமோ’ எண்டு கேட்டவர். கோவம் வரேல்லை, சிரிப்புத்தான் வந்தது.

2021 இல பென்சன் எடுத்த கையோட ஒரு வருசம் சைக்கிளைத் தொடேல்லை, முழங்கால் நோகுது, இனி ஆருக்காக உழக்கிறது எண்டு கொட்டிலுக்க விட்டாச்சு. 2022 இல பெற்றோலுக்குச் சனம் நாள்க்கணக்கா வரிசையில கிடந்த நேரம் மகன்தான் அதை எடுத்துத் தூசி தட்டி ரெண்டு ரியூப்பும் புதுசு போட்டுத் தந்தவன், சங்கக்கடைக்குப் போய்வாறதுக்கு. ஒருநாள் விடிய அஞ்சரைக்கு வெளிக்கிட்டுப் போனனான், சாமானும் வாங்க இல்லை, கிளினிக்கும் இல்லை, ஒருத்தரும் எனக்காகப் பாத்துக்கொண்டும் இல்லை, அப்பிடியே இரணைமடுக் கட்டு மட்டும் போய் நிண்டு தண்ணியைப் பாத்துப்போட்டுத் திரும்பி வந்தன். அம்பத்தெட்டாயிரம் தரம் சைக்கிள்ல ஏறியிருப்பன் (ஒரு கதைக்குச் சொல்லுறன், கணக்குப் பாக்காதேங்கோ), ஒரு அலுவலும் இல்லாமல் ஏறினது அண்டைக்குத்தான் முதல்தரம். அதில பிடிச்சதுதான் இந்தப் பைத்தியம்.

தனியா ஓடுறதில ஒரு குறையும் இல்லைத்தான். ஆனா கொஞ்ச நாளில கதைக்க ஒரு ஆள் வேணும் போல இருந்தது. அதோட வயசுக்கு வந்த பேரப்பிள்ளையள் இருக்கிற பொம்பிளை ஒருத்தி இருட்டோட தனியா றோட்டில நிண்டா போறவாறவை ஏதோ வீட்டில சண்டை எண்டு நினைச்சு மோட்டச்சைக்கிளை நிப்பாட்டி விசாரிக்கினம். சரி கூட்டத்தோட ஓடுவம் எண்டுதான் உங்களைத் தேடினனான்.

இப்ப உங்களோட பூநகரிப் பக்கம் ஓடப் போன கதைக்கு வாறன்.

ஆனி மாசம். அறிவித்தல்ல போட்டிருந்த வசனம் எனக்கு அப்பிடியே பாடம்: ‘மெல்லமாத்தான் ஓடுவம், எல்லாரும் வரலாம், வயசு ஒரு பிரச்சினை இல்லை.’ விடிய 5.30 க்குக் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில 14 பேர் நிண்டவை. நல்ல பிள்ளையள், பொய் சொல்லக்கூடாது, எல்லாரும் வணக்கம் சொல்லிச்சினம், ஒரு தங்கச்சி என்ர சைக்கிளுக்குக் காத்தும் பாத்துவிட்டா. பரந்தன் மட்டும் ஒரு மாதிரிப் பிடிச்சுக்கொண்டு போட்டன், நாக்கு வெளியில வந்திட்டுது அது வேற. பரந்தன் சந்தியால பூநகரிப் பக்கம் திரும்பினதும் சோளகக் காத்து முகத்தில அடிச்சுது பாருங்கோ. உங்களுக்குத் தெரியும்தானே அந்த றோட்டு, ரெண்டு பக்கமும் வெட்டை, ஒரு பனை வடலி கூட காத்தை மறைக்காது. அஞ்சு நிமிசத்தில நீங்கள் எல்லாரும் ஒரு புள்ளி, பத்து நிமிசத்தில அந்தப் புள்ளியும் இல்லை.

நான் விடேல்லை, உழக்கினன். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட உழக்கி ஒரு தேத்தண்ணிக் கடையடிக்கு வர, நீங்கள் எல்லாரும் வாங்கில்ல இருந்து வடையும் திண்டு பிளேன்ரீயும் குடிச்சு முடிச்சுப் படமும் எடுத்தாச்சு. என்னைக் கண்டதும் ஒரு தம்பி கையைத் தட்டிச் சொன்னார், ‘ஆ அன்ரியும் வந்திட்டா, அப்ப வெளிக்கிடுவம்.’

வெளிக்கிட்டிட்டியள். ஒருத்தரும் கெட்ட எண்ணத்தில செய்யேல்லை, எனக்குத் தெரியும். ஆனா ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ, கூட்டத்தில ஆகத் திறமா ஓடினவருக்கு அரை மணித்தியாலம் ஓய்வு, ஆகக் களைச்சவளுக்கு ஒரு நிமிசமும் இல்லை. நான் அந்தக் கடையில இருந்து ஆறுதலா ஒரு தேத்தண்ணி குடிச்சன், கடைக்கார அம்மாவோட அவவின்ர மகளின்ர பிரசவக் கதை முழுக்கக் கேட்டன், பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டை போட்டன். வரேக்க சோளகம் முதுகில, உழக்கத் தேவையில்லை, அந்த நாளில நடந்த நல்ல விசயம் அது ஒண்டுதான். பத்தரைக்கு மீன் கழுவிக்கொண்டு நிக்க போன் வருது, ‘அன்ரி எங்க நிக்கிறியள், உங்களைக் காணேல்லை.’ நான் சொன்னன், தம்பி நான் சட்டி அடுப்பில வைக்கப்போறன்.

இது ஒரு கூட்டத்தின்ர பிழை எண்டு நான் எழுத வரேல்லை, அதால பேரும் சொல்லமாட்டன். பிறகு வேற ரெண்டு இடத்திலயும் போய்ப் பாத்தனான், அதே கதைதான், கடை மட்டும் வேற.

இந்தக் காத்து விசயத்தை ஒருக்கா விளங்கப்படுத்தவேணும், ஏனெண்டா ‘அன்ரி கொஞ்சம் இறுக்கி உழக்கினாச் சரி’ எண்டு சொல்லுற பிள்ளையளுக்கு இது விளங்குறேல்லை. வெட்டையில சமதரையில ஓடேக்க எங்கட சக்தியில பெரும்பங்கு போறது காத்தைக் கிழிக்கிறதுக்கு. அது வேகத்தோட ஒரே அளவாக் கூடுற சாமான் இல்லை, மும்மடிக் கணக்கில (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். நான் 15 கிலோமீற்றர் வேகத்தில ஓடுறன், நீங்கள் 25 இல ஓடுறியள் எண்டு வைப்பம், பாக்க 10 தானே வித்தியாசம், ஆனா காத்துக்குக் குடுக்கிற சக்தி நாலரை மடங்குக்கும் மேல. எதிர்காத்து இல்லாத நாளில கணக்கு இது. இன்னொண்டு, முன்னுக்குப் போறவரின்ர பின்சில்லோட ஒட்டி ஓடினா அவர் காத்தை மறைச்சுத் தருவார், கூட்டத்துக்க நல்லா ஒழிச்சு ஓடுறவருக்கு மூண்டில ஒரு பங்கு சக்தி மிச்சம் எண்டாலும் பிழையில்லை. அப்ப பாருங்கோ, 24 வயசுப் பெடியன் 13 பேரின்ர முதுகுக்குப் பின்னால, 64 வயசுக் கிழவி தனிய முழுச் சோளகத்துக்கும் முகத்தைக் குடுத்துக்கொண்டு. நியாயமோ?

நெஞ்சின்ர கணக்கு வேற. 220 இல இருந்து வயசைக் கழிச்சா இதயம் ஆகக் கூட எத்தினை தரம் அடிக்கும் எண்டு ஒரு தோராயக் கணக்கு இருக்கு, எல்லாருக்கும் அச்சொட்டா வராது, ஆனா ஒரு மட்டுக்கட்ட உதவும். 24 வயசுக்கு 196. எனக்கு 156. நீங்கள் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு 140 இல ஓடேக்க நான் என்ர கடைசிப் படியில நிக்கிறன். அப்பிடி இருக்கேக்க ‘ஏன் அன்ரி கதைக்கிறீங்கள் இல்லை’ எண்டு கேட்டா என்னெண்டு கதைக்கிறது? என்ர கிளினிக்குக்கு வந்த தாய்மாருக்கு நான் சொல்லுறது, நடக்கேக்க கதைக்க முடியவேணும், மூச்சு வாங்கி வசனம் முறிஞ்சா வேகம் கூட எண்டு. எனக்கும் அதே அளவுகோல்தான்.

சரி, கிழடுகளுக்கெண்டு வேற ஏதும் இல்லையோ எண்டு கேப்பியள். இருந்தது. விழிப்புணர்வுச் சைக்கிள் பவனி எண்டு ஒண்டு, பனர், ரீசேட், தொப்பி எல்லாம் தந்தவை. ஓடினது 2 கிலோமீற்றர். பிரதம விருந்தினர் வரும் மட்டும் வெயிலுக்க நிண்டது ஒண்டரை மணித்தியாலம், பிறகு பேச்சு, பிறகு ஒரு பால் பக்கற். என்ர வயசுக்காரி ஒருத்தி, மல்லாவிப் பக்கம் 20 ஏக்கருக்கு நெல் விதைக்கிற மனுசி, ஒவ்வொரு நாளும் வயலுக்கு உழக்கிப் போறவள், அவவைப் பிடிச்சுக்கொண்டு வந்து ஒரு உதவியாளர் சைக்கிள்ல ஏத்திவிடுறார், விழுந்திடுவாவாம்.

அப்ப எங்களுக்கு இருக்கிறது ஒரு பக்கம் 28 இல பறக்கிற நீங்கள், மற்றப் பக்கம் 2 கிலோமீற்றர் பால் பக்கற். நடுவில ஒண்டும் இல்லை. 14, 15 இல ஆறுதலா ஒரு 30, 40 கிலோமீற்றர் ஓடி, நடுவில ரெண்டு இடத்தில இருந்து தண்ணி குடிச்சுக் கதைச்சு, வெயில் ஏறமுதல் வீட்டை வந்து சேருற ஆக்கள் இந்த வன்னியில எத்தினை பேர் இருக்கினம் தெரியுமோ? தொண்ணூறுகளில பெற்றோல், மண்ணெண்ணெய் எல்லாம் தடை, சைக்கிளைக் கவிட்டுப் போட்டுப் பெடலைக் கையால சுத்தி டைனமோவில றேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். சாக்கு மூட்டை, விறகு, வருத்தக்காரர், பிள்ளைத்தாச்சி எல்லாம் சைக்கிள்லதான். என்ர முதல் லுமாலாவை 2009 இல மாத்தளன் கடக்கரையில விட்டிட்டு வந்தனான், பக்கத்தில நூற்றுக்கணக்கில அப்பிடிக் கிடந்தது. அதைப் பற்றி இதில எழுதேல்லை. இந்த வயசுக்காரருக்கு ஓடத் தெரியாது எண்டு ஆரும் நினைக்கக் கூடாது எண்டதுக்காகத்தான் சொன்னனான்.

மருமகன் பிரான்ஸில, அவரும் சைக்கிள் பைத்தியம், அவர் சொன்ன ரெண்டு விசயம் உங்களுக்கும் பிரயோசனப்படும். அங்க 1904 இல இருந்து ‘ஒடாக்ஸ்’ எண்டு ஒரு ஓட்டமுறை இருக்காம், தொடக்கினவர் அதுக்கு முதல் வருசம் தூர் த பிரான்ஸ் போட்டியைத் தொடக்கின அதே ஆன்றி தெகிரான்ஞ். அதில கூட்டமா ஓடவேணும், முன்னுக்கு ஒரு றோட் கப்டன், அவரை ஒருத்தரும் முந்தக் கூடாது, வேகம் முதலே சொல்லியாச்சு, 22.5 கிலோமீற்றர். போட்டியைத் தொடக்கின மனுசனே போட்டி இல்லாத ஓட்டத்தையும் அங்க தொடக்கியிருக்குது பாருங்கோ. 22.5 எனக்கு ஏலாது, ஆனா அந்த இலக்கத்தை முதலே சொன்னா நான் வீட்டில நிக்கலாம், பூநகரி றோட்டில நிக்கத் தேவையில்லை. மற்ற ஓட்டமுறை ஒண்டில ஆளாளுக்குத் தங்கட வேகத்தில 200 கிலோமீற்றரை 13 மணித்தியாலம் 30 நிமிசத்துக்குள்ள முடிச்சாக் காணும். பிரிச்சுப் பாருங்கோ, 15 க்குக் கிட்டத்தான் வருகுது, இருந்து சாப்பிடுற நேரமும் அதுக்குள்ளதான். 200 நான் ஓடமாட்டன், ஆனா 15 எண்டது வெக்கப்படுற இலக்கம் இல்லை எண்டு விளங்கிச்சுது.

அவர் சொன்ன மற்றது றொபேர் மார்ஷான் எண்ட ஐயாவின்ர கதை. 2017 இல, 105 வயசில, பாரிசுக்குக் கிட்ட ஒரு சைக்கிள் அரங்குக்க ஒரு மணித்தியாலத்தில 22.547 கிலோமீற்றர் ஓடினவர். அதுக்கு முதல் 2014 இல, 102 வயசில, 26.927. எனக்கு உடன வந்த யோசனை என்ன தெரியுமோ, இந்த மனுசன், உலகத்திலயே ஆகத் திறமான கிழவன், காத்தே இல்லாத கூரைக்குக் கீழ, தன்ர ஆகத் திறமான நாளில ஓடினாலும், உங்கட ‘மெல்லமான ஓட்டத்தில’ பின்னுக்கு விடுபட்டிருப்பார்.

ஆனபடியா நான் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்லை. நீங்கள் மெல்ல ஓடவேணும் எண்டு கேக்கேல்லை, இளந்தாரியள் பறக்கத்தான் வேணும், நானும் அந்த வயசில பிரசவ வலி எண்டு ஆள் வந்தாப் பறந்தனான். உண்மையை எழுதுங்கோ எண்டுதான் கேக்கிறன். ‘மெல்லமா’ எண்டதுக்கு உங்கட அகராதியில ஒரு கருத்து, என்ர அகராதியில வேற. இலக்கத்தைப் போடுங்கோ. 25 எண்டா 25. போனில இருக்கிற ஸ்ற்ராவா எண்ட அப் போன கிழமை ஓடினதை அப்பிடியே காட்டும்தானே, அதைப் பாத்து எழுதுங்கோ, ஆசைப்பட்டதை எழுதாதேங்கோ. அதோட பிந்தினவைக்கு நிப்பியளோ இல்லையோ எண்டதையும் போடுங்கோ. நிக்கமாட்டம் எண்டு போட்டாலும் எனக்குக் கோவம் இல்லை, அது நேர்மை. நிப்பம் எண்டு போட்டா, பிந்தி வந்தவள் இருந்து தண்ணி குடிச்சு முடிச்சாப் பிறகுதான் மற்ற ஆக்கள் எழும்பவேணும், அவளைக் கண்டதும் எழும்புறதுக்குப் பேர் நிக்கிறது இல்லை.

கடைசியா ஒரு ஆள் வேணும், கூட்டத்துக்குப் பின்னால, ஆகப் பிந்தின ஆளுக்கும் பின்னால. இது மரியாதைக்காக இல்லை. மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுக்கு ஓடுறம் எண்டு போன மாசமும் ஒரு அறிவித்தல் கண்டனான், விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டு. பிள்ளையள், கரிப்பட்டமுறிப்புப் பக்கக் காட்டு றோட்டில விடியிற நேரம் ஆனை நிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? அதில பின்னுக்கு விடுபட்ட ஒரு ஆளுக்குச் சில்லில காத்துப் போச்சு, போனில சிக்னலும் இல்லை எண்டா என்ன செய்யிறது? ஏ9 றோட்டில எண்டா நடுவில படுத்திருக்கிற மாடும் மணல் டிப்பரும் இருக்குது. தனியப் போற ஒரு சின்ன லைற்றை விடக் கூட்டமாப் போற ஆக்களைத்தான் டிப்பர்க்காரன் காணுவான்.

இன்னொரு விசயம், ஒருத்தரும் கேக்க மாட்டினம், மிட்வைஃப் எண்டபடியா எனக்கு வெக்கம் இல்லை. கக்கூசு. பிள்ளை பெத்த பொம்பிளையளுக்கு, நீரிழிவு இருக்கிற ஆக்களுக்கு, ஐயாமாருக்கும்தான், ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒருக்காப் போக வேணும். உங்கட பெடியள் பாலைமரத்துக்குப் பின்னால போட்டு வருவினம். எங்களால ஏலாது. அதால நிப்பாட்டுற இடம் எதெண்டு தெரிவு செய்யேக்க வடை ருசியை மட்டும் பாக்காமல் அதையும் பாருங்கோ. முறிகண்டிப் பிள்ளையாரடி நல்லது, கும்பிட்டதாயும் போச்சு, கச்சான் வாங்கினதாயும் போச்சு, மற்ற அலுவலும் முடிஞ்சுது. தண்ணி குடிக்காமல் வந்தாச் சரி எண்டு சில அக்காமார் நினைக்கினம், இந்த வெயிலுக்க அதை மட்டும் செய்யாதேங்கோ, மயங்கி விழுந்தா பிறகு ஆனை தேவையில்லை.

உங்களுக்கு இதெல்லாம் கரைச்சல் எண்டு விளங்குது. நீங்கள் கிழமை முழுக்க வேலை செய்துபோட்டு ஞாயிறு ஒருநாள் பறக்க வாறியள், அதில வந்து நாங்கள் பாரம் ஏத்துறம். அதால இதையும் எழுதிவிடுறன்.

வாற மாசத்தில இருந்து முதலாம் ஞாயிறு விடிய 5.45 க்குக் கந்தசாமி கோயிலடியில நான் நிப்பன். இரணைமடுச் சந்தியால திரும்பிக் குளக்கட்டு மட்டும் போய், அங்க இருந்து ஆறுதலா எல்லாத்தையும் பாத்துப்போட்டுத் திரும்பிறது. வேகம் 14. பதினாலு எண்டா பதினாலுதான், காத்து அடிச்சா 11. முன்னுக்கு நான்தான் ஓடுவன், என்னை ஒருத்தரும் முந்தக் கூடாது, முந்தினாத் தாயின்ர பேர் கேட்டுப் பிறந்த நிறையை எல்லாருக்கும் சொல்லுவன். மல்லாவி மனுசி வாறன் எண்டிட்டா, பஸ்ஸில சைக்கிளை ஏத்திக்கொண்டு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் வாறார், அவருக்கு இடுப்பு நோ, 12 க்கு மேல ஏலாதாம், அப்ப 12 இலயே ஓடுவம். பிளாஸ்க்கில தேத்தண்ணியும் பனங்கட்டியும் நான் கொண்டாறன். காத்தடிக்கிற பம்மும் என்னட்ட இருக்கு.

ஒட்டுப் போடத்தான் எங்களில ஒருத்தருக்கும் இப்ப விரல் பிடிக்குதில்லை, ரயரைக் கழட்டினாத் திருப்பிப் பூட்ட ஏலாமல் கிடக்கு. உங்களில ஒரு தம்பியோ தங்கச்சியோ மாசத்தில ஒரு ஞாயிறு எங்களுக்குப் பின்னால வரேலுமெண்டா, ரயர் கழட்டிற தண்டும் ரெண்டு ஒட்டும் ஒரு சொலூசன் ரியூப்பும் கொண்டுவாங்கோ.

இப்படிக்கு,
பரந்தன் சந்தியில உங்களுக்குக் கை காட்டிக் கூப்பிட்ட அன்ரி